குடும்பத்தையும் சேர்த்துக்கொள்ளும் சிகிச்சை: ஹூஸ்டன் வாசகருக்கு ஒரு மனநல ஆலோசகரின் பதில்

கடிதத்தின் சுருக்கம் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன)

கடிதம் எழுதியவர் மதுரைப் பக்கத்துக்காரர். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகருக்கு அருகே மென்பொருள் பொறியாளராக இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் எல் சால்வடோரைச் சேர்ந்த ஒரு பெண்ணை மணந்துகொண்டார். மனைவிக்கு மருத்துவமனையில் நோயாளிகளைப் பராமரிக்கும் இரவுப் பணி. மனைவியின் முதல் திருமணத்தில் பிறந்த மகள் ஹூஸ்டனிலேயே பிறந்தவள். இப்போது வயது 15. வேறு மாநிலத்தில் இருக்கும் அவளுடைய தந்தை எப்போதாவதுதான் தொலைபேசியில் பேசுவார். மனைவியின் தாயாரும் அதே வீட்டில் இருக்கிறார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, குடியேற்ற ஆவணங்களும் கிடையாது. வீட்டுக்கு வரும் கடிதங்களைப் படித்துச் சொல்வதும் மருத்துவரிடம் பாட்டிக்காகப் பேசுவதும் பத்து வயதிலிருந்தே அந்தப் பெண்ணின் வேலை.

பதினைந்தாம் பிறந்தநாளை, அவர்கள் வழக்கப்படி, கின்சியன்யேரா விழாவாக உறவினர் நூறு பேரைக் கூட்டிக் கொண்டாடியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வீட்டில் ஓயாத சண்டை. தோழிகளோடு வெளியே போகக் கூடாது, கைபேசியை இரவில் அம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும், ஒரு பையன் அனுப்பிய செய்திக்காக ஒரு மாதம் எங்கும் போகக் கூடாது என்று ஒவ்வொன்றாகக் கட்டுப்பாடு கூடியது. சென்ற வாரம் காரில் வரும்போது அவள் வளர்ப்புத் தந்தையிடம், “நான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் பாரம் குறையும்” என்று சொல்லி அழுதிருக்கிறாள். “அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், அம்மா தாங்க மாட்டார்” என்றும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். லத்தீன் அமெரிக்க வம்சாவளி இளையோருக்கென்று அவர்களுடைய பண்பாட்டை மையமாக வைத்து நடத்தப்படும் சிகிச்சையைப் பற்றிய துண்டறிக்கை ஒன்றைப் பள்ளி ஆலோசகர் மாணவர்கள் எல்லாருக்கும் கொடுத்திருக்கிறார்.

வாசகருடைய கேள்விகள் இவை. அது உண்மையான சிகிச்சையா, பெயரளவில் வேறுபட்டதா? மகள் கேட்ட ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டுமா? திரும்ப அதைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைத் தூண்டிவிடுவோமா? சென்னையில் இருக்கும் மனநல மருத்துவ நண்பரிடம் வீடியோவில் பேசி மாத்திரை வாங்கிக்கொள்ளலாமா? கண்டிப்பான அந்த வீடுதான் காரணம் என்பதால் அவளை நியூ ஜெர்சியில் உள்ள தன் அக்கா வீட்டுக்குச் சில மாதங்கள் அனுப்பிவிடலாமா? மருத்துவமனைக்குப் போனால் பாட்டியின் நிலைமை வெளியே தெரிந்துவிடுமா? தான் கையெழுத்துப் போட்டால் செல்லுமா?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் மகள் பலரில் உங்களைத் தேர்ந்தெடுத்துச் சொல்லியிருக்கிறாள். பெற்ற தாயிடமும் பாட்டியிடமும் சொல்ல முடியாததை, வீட்டுக்குள் இருந்தும் அந்தச் சண்டையில் சற்றே வெளியே நிற்கும் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு உதவி வேண்டும் என்பதும், உங்களால் அதைக் கொண்டுவர முடியும் என்று அவள் நம்புகிறாள் என்பதும் இதிலிருந்தே தெரிகின்றன. சிகிச்சையைப் பற்றிய உங்கள் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் இன்றே செய்ய வேண்டியவை சில இருக்கின்றன; அவற்றை முடித்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

இன்றே செய்ய வேண்டியவை

முதலில், நேரடியாகக் கேளுங்கள். கேட்டால் எண்ணம் தூண்டப்படும் என்ற அச்சம் உலகெங்கும் பெற்றோருக்கு இருக்கிறது. ஆனால் அது சரியல்ல. நியூயார்க் மாநிலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடத்தி 2005இல் வெளியான ஆய்வு, தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்கப்பட்டவர்களுக்கு அதனால் மன வேதனையோ அந்த எண்ணமோ கூடவில்லை என்று காட்டியது. முன்பே மன அழுத்தத்தில் இருந்தவர்களுக்கும் அதனால் தீங்கு ஏற்படவில்லை. ஆகவே சுற்றி வளைக்காமல், கோபப்படாமல், “அன்றைக்கு நீ சொன்னதை நான் மறக்கவில்லை. உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறாயா? எப்படி என்று யோசித்திருக்கிறாயா? முன்பு எப்போதாவது முயன்றிருக்கிறாயா? இன்றைக்கும் அந்த எண்ணம் இருக்கிறதா?” என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பதில் வருவதற்கு நேரம் கொடுங்கள். “உனக்கென்ன குறை” என்றோ “பாட்டி பட்ட கஷ்டத்தை நினைத்துப் பார்” என்றோ சொல்லிவிடாதீர்கள். தன்னைப் பாரமென்று ஏற்கெனவே நினைக்கும் பிள்ளைக்கு அந்தச் சொற்கள் மேலும் ஒரு பாரம்.

எப்படி என்று யோசித்திருப்பதாகவோ, முன்பு முயன்றிருப்பதாகவோ, இப்போதும் அந்த எண்ணம் இருப்பதாகவோ அவள் சொன்னால், அவளைத் தனியே விடாமல் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். உடனடி ஆபத்து என்று தோன்றினால் 911ஐ அழையுங்கள். எந்த நேரத்திலும் 988 என்ற எண்ணில் பேசலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். 2022 ஜூலையில் தொடங்கிய இந்தத் தேசிய உதவி எண்ணில் 2ஐ அழுத்தினால் ஸ்பானிய மொழியில் பேசுவார்கள் என்பதை உங்கள் மனைவிக்கும் மாமியாருக்கும் சொல்லிவையுங்கள். அழைத்தவுடன் போலீஸ் வந்துவிடும் என்று பல குடும்பங்கள் பயப்படுகின்றன. மிகப் பெரும்பாலான அழைப்புகள் பேச்சிலேயே முடிகின்றன. (இதைப் படிப்பவர்களில் யாருக்கேனும் இப்படிப்பட்ட எண்ணம் இருந்தால், இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணிலும் இலங்கையில் 1926 என்ற எண்ணிலும் பேசலாம்.)

அடுத்து, வீட்டில் உள்ள மருந்துகளை, பாட்டியின் மாத்திரைகளும் கடையில் சீட்டில்லாமல் வாங்கிய வலி மாத்திரைகளும் உட்பட, பூட்டுப் போட்ட பெட்டியில் வையுங்கள். டெக்சாஸில் பல வீடுகளில் துப்பாக்கி இருக்கும். உங்களிடம் இல்லாவிட்டாலும், அவள் அடிக்கடி போகும் மாமா வீட்டிலும் அத்தை வீட்டிலும் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இருந்தால், அது வீட்டை விட்டு வெளியேறுவதுதான் நல்லது. முடியாவிட்டால் தோட்டாக்களைத் தனியே பிரித்துப் பூட்டிவைக்கச் சொல்லுங்கள். இளவயதில் அந்த எண்ணத்தின் உச்சம் பெரும்பாலும் சில நிமிடங்களோ சில மணி நேரமோதான் நீடிக்கிறது. அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கெட்டாமல் இருப்பதே பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

ரகசியத்தைப் பற்றி

அந்த ரகசியத்தை நீங்கள் காப்பாற்றக் கூடாது. அதே சமயம், அவளுக்குத் தெரியாமல் போய் மனைவியிடம் சொல்லிவிடவும் கூடாது. முதலில் அவளிடமே சொல்லுங்கள்: “உன் உயிர் சம்பந்தப்பட்டதை நான் அம்மாவிடம் மறைக்க மாட்டேன். ஆனால் எப்படிச் சொல்வது என்பதை நாம் இருவரும் சேர்ந்து முடிவு செய்யலாம்.” தானே சொல்வதா, நீங்கள் சொல்லும்போது உடனிருப்பதா, நீங்கள் முதலில் சொல்லிவிட்டு அவள் பிறகு வருவதா, பாட்டிக்கு எவ்வளவு சொல்வது என்பனவற்றை அவள் தேர்ந்தெடுக்கட்டும். ஒரு நாளைக்கு மேல் தள்ளிப்போட வேண்டாம். இரவுப் பணி முடிந்து களைத்து வந்து நிற்கும் தாயிடம் வாசலிலேயே சொல்லாமல், அவர் சற்று உறங்கி எழுந்த பிறகு, மாமியார் இல்லாத அறையில் உட்கார்ந்து சொல்லுங்கள்.

உங்கள் மனைவி அழலாம், கோபப்படலாம், “என்னிடம் சொல்லாமல் உங்களிடம் ஏன் சொன்னாள்” என்று உடைந்துபோகலாம். அந்த வருத்தம் நியாயமானது. “உங்களைக் காயப்படுத்தக் கூடாது என்பதற்காகத்தான் உங்களிடம் சொல்லவில்லை” என்ற உண்மையை அவரிடம் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டதும் அதுதான். தன் உயிரைப் பற்றிய பேச்சிலும் அந்தப் பெண் அம்மா தாங்குவாரா என்றுதான் யோசிக்கிறாள்.

வீடுதான் காரணமா?

நீங்கள் அப்படி நினைப்பது எனக்குப் புரிகிறது. கண்ணெதிரே தெரிவது அதுதான். ஆனால் இதில் உங்களோடு நான் உடன்படவில்லை.

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவரிடையே எடுக்கப்படும் தேசியக் கணக்கெடுப்புகளில், லத்தீன் அமெரிக்க வம்சாவளி மாணவியரின் தற்கொலை முயற்சி விகிதம் 1990களிலிருந்து பல ஆண்டுகள் வெள்ளை மாணவியருடையதைவிட அதிகமாக இருந்துவந்தது. ஏன் என்று தேடியவர்களில் முக்கியமானவர் மனநல ஆய்வாளர் லூயிஸ் சயாஸ். அவரும் அவருடைய குழுவினரும் நியூயார்க்கில், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற லத்தீன வளரிளம் பெண்களையும் முயலாதவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் சந்தித்து நீண்ட நேரம் பேசினார்கள். 2011இல் அது நூலாகவும் வந்தது. குடும்பம்தான் முதலில், தனி ஆள் பிறகு என்று வளர்க்கப்பட்ட பெண், பள்ளியிலும் தோழியரிடமும் உன் வாழ்க்கையை நீயே முடிவு செய் என்று கேட்டு வளர்கிறாள். இரண்டுமே அவளுக்கு உண்மை. இரண்டையும் அவள் நேசிக்கிறாள். வெளியே போவது, காதல், கைபேசி என்று ஏதோ ஒன்றில் வெடிக்கும் சண்டை, முயற்சிக்கு முந்தைய கட்டமாகப் பல பெண்களின் வாழ்வில் இருந்தது. முயன்ற பெண்களுக்கும் தாய்மாருக்கும் இடையே ஒருவரையொருவர் கேட்டுப் புரிந்துகொள்ளும் உறவு மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது.

இதைப் படித்துவிட்டு, ‘அப்படியானால் குடும்பம்தானே காரணம்’ என்று நீங்கள் கேட்கலாம். உறவு அறுந்த இடத்தில்தான் ஆபத்து கூடியது, உறவு இருந்த இடத்தில் அதே குடும்பப் பிணைப்பு பிள்ளைகளைக் காத்தது என்பதுதான் அதன் பொருள். ஒருவர் தன்னைப் பிறருக்குப் பாரமென்று உணர்வதும், தான் எங்கும் சேர்ந்தவரல்ல என்று உணர்வதும் சேரும்போது தற்கொலை எண்ணம் வலுக்கிறது என்று அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஜாய்னர் 2005இல் முன்வைத்த கோட்பாடு இன்று பரவலாகப் பயன்படுகிறது. “நான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் பாரம் குறையும்” என்று சொன்ன பெண்ணை நியூ ஜெர்சிக்கு அனுப்பினால், அவள் அதை எப்படிப் புரிந்துகொள்வாள்? தான் போனபின் வீடு நிம்மதியாக இருக்கிறது என்றுதானே? உங்கள் அக்கா எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், அங்கே அவளுக்குப் பள்ளி புதிது, மொழிப் பழக்கம் வேறு, உணவு வேறு, ஒரு தோழியும் இல்லை. விடுமுறையில் அவள் ஆசைப்பட்டுப் போகட்டும். இப்போது தீர்வாக அனுப்பாதீர்கள். அவளை வீட்டில் யாரேனும் அடிக்கிறார்கள், துன்புறுத்துகிறார்கள் என்றால் மட்டும் இந்த ஆலோசனை முற்றிலும் மாறும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

மனைவியின் கண்டிப்பையும் அதன் வரலாற்றோடு பார்க்க வேண்டும். எல் சால்வடோரில் 1980 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. அதன் பிறகு மாரா கும்பல்களின் வன்முறை. உங்கள் மாமியார் அந்தப் போரில் பிள்ளை வளர்த்தவர். உங்கள் மனைவி அந்தத் தெருக்களில் சிறுமியாக இருந்தவர். பெண்பிள்ளை இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்ற விதி அங்கே உயிரைக் காத்த விதி. ஹூஸ்டன் புறநகரில் பிறந்த மகளுக்கு அந்தக் காரணம் சொல்லப்படாமல் விதி மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. அதிலும், நூறு பேர் முன்னிலையில் நீ இனிக் குழந்தையல்ல, பெண் என்று அறிவித்த விழாவுக்கு அடுத்த வாரமே கைபேசியைப் பிடுங்கினால் அவளுக்குக் குழப்பம் வராதா? இந்த வயதுப் பெண்களோடு பேசும்போது நான் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது.

வீட்டுக்கு வெளியே நடப்பதையும் மறக்க வேண்டாம். பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் தேவாலயங்களையும் குடியேற்றச் சோதனைகளிலிருந்து விலக்கிவைத்திருந்த வழிகாட்டுதலை 2025 ஜனவரியில் மத்திய அரசு திரும்பப் பெற்றது. தினமும் பள்ளியிலிருந்து வரும்போது பாட்டி வீட்டில் இருப்பாரா என்ற பயம் ஒரு பிள்ளைக்கு இருக்கலாம். அதை அவள் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள்.

துண்டறிக்கையில் சொல்லப்பட்ட சிகிச்சை என்ன?

அது பெயரளவிலானதல்ல; ஆனால் ஸ்பானிய மொழி பேசும் ஆலோசகர் என்பது மட்டும் போதாது. இதன் வேர், அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட கரீபியன் தீவான புவெர்ட்டோ ரிக்கோவில் இருக்கிறது. அங்கே உளவியலாளர் கியெர்மோ பெர்னாலும் அவருடைய சக ஆய்வாளர்களும், ஒரு மக்களிடம் உருவான உளச்சிகிச்சையை இன்னொரு மக்களுக்குக் கொண்டுபோகும்போது எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று 1995இல் வகுத்துச் சொன்னார்கள். மொழி, சிகிச்சையாளருக்கும் வருபவருக்கும் உள்ள உறவு, உவமைகள், பண்பாட்டு உள்ளடக்கம், பிரச்சினையை விளங்கிக்கொள்ளும் விதம், இலக்குகள், முறைகள், வாழ்க்கைச் சூழல் என்று எட்டுக் கூறுகள் அதில் உண்டு. மனச்சோர்வுள்ள புவெர்ட்டோ ரிக்கோ வளரிளம் பருவத்தினருக்கு இப்படித் தகவமைத்த அறிதல்-நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றிக்கொள்ளப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) பலனளித்ததை ஹானெட் ரொசெல்லோவும் பெர்னாலும் 1999இல் வெளியிட்டார்கள். அந்த மரபில் வந்த யொவான்ஸ்கா துவார்த்தே-வேலெஸ், தற்கொலை எண்ணமும் முயற்சியும் உள்ள இளையோருக்கென்றே ஒரு சிகிச்சை முறையை முதலில் புவெர்ட்டோ ரிக்கோவிலும் பின்னர் ரோட் ஐலண்டிலும் வளர்த்தெடுத்தார். எண்ணங்களையும் உணர்ச்சிகளையும் கையாளும் பயிற்சியோடு, நான் யார் என்ற கேள்வியும் அதில் மையமாக இருக்கிறது: பெண்ணாக, மகளாக, இரு பண்பாடுகளுக்கு இடையில் வாழ்பவளாக, நம்பிக்கையுள்ளவளாக அல்லது நம்பிக்கையைக் கேள்வி கேட்பவளாக.

அறைக்குள் என்ன நடக்கும் என்று சொன்னால் உங்களுக்குத் தெளிவாகும். முதல் சந்திப்பிலேயே ஆபத்தை அளந்து, பாதுகாப்புத் திட்டம் ஒன்றை அவளோடு சேர்ந்து எழுதுவார்கள். எந்த அறிகுறி தோன்றினால் அவள் தானாக என்ன செய்வாள், யாரோடு போய் இருப்பாள், யாரிடம் உதவி கேட்பாள், எந்த எண்ணை அழைப்பாள், வீட்டை எப்படிப் பாதுகாப்பாக வைப்பது என்று ஒரே தாளில் வரிசையாக இருக்கும். பிறகு அவளைத் தனியாகவும், தாயை அவருடைய மொழியில் தனியாகவும் சந்திப்பார்கள். தாயிடம் குற்றம் சாட்டுவதில்லை. மகளை எப்படி வளர்க்க விரும்புகிறார், அந்த வயதில் தன் வாழ்க்கை எப்படி இருந்தது, எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்பார்கள். அதன் பிறகுதான் இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, கைபேசி, வெளியே போவது, வீட்டு வேலை போன்றவற்றில் எது விட்டுக்கொடுக்கக் கூடியது, எது முடியாது என்று பேசவைப்பார்கள். பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசாமை மரியாதை என்று நம்பும் குடும்பத்தில், தன் கோபத்தை மரியாதை குறையாமல் தாயிடம் சொல்லும் வழியை மகளுக்குக் கற்றுத்தர வேண்டும். அதைக் கேட்டுக்கொண்டிருப்பதால் தன் இடம் போய்விடாது என்பதைத் தாய்க்கும் காட்ட வேண்டும். வீட்டை எதிர்த்து நிற்கக் கற்றுத்தரும் சிகிச்சையோ, வாயை மூடிக்கொண்டு பொறுத்துப்போகச் சொல்லும் சிகிச்சையோ இந்தப் பெண்ணுக்கு உதவாது.

பாட்டியையும் ஒதுக்க மாட்டார்கள். பேத்தியின் அழுகையை ‘நெர்வியோஸ்’ (ஸ்பானிய மொழியில் ‘நரம்புகள்’) என்று அவர் சொல்வதாகவும், வீட்டில் ஜெபமாலை சொல்லச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள்; அதை அறியாமை என்றும் எழுதியிருக்கிறீர்கள். லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களில் மனவேதனையைச் சொல்லும் பழைய வழி அது. நல்ல ஆலோசகர் அந்தப் பேச்சையே தொடக்கமாகக் கொண்டு, இந்த நெர்வியோஸ் எப்போதிலிருந்து, எதனால் என்று பாட்டியிடமே கேட்பார். ஜெபம் அந்தப் பெண்ணுக்கு ஆறுதலாக இருந்தால் அது பாதுகாப்புத் திட்டத்திலும் இடம்பெறும்; குற்ற உணர்ச்சியைத்தான் தருகிறது என்றால் அதையும் பேசுவார்கள்.

சான்றுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தற்கொலை எண்ணமுள்ள வளரிளம் பருவத்தினருக்கு இன்று மிக வலுவான சான்று உள்ள சிகிச்சை, அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய, டிபிடி (Dialectical Behavior Therapy) என்று சுருக்கமாக அழைக்கப்படும் முறை. தீவிர உணர்ச்சிகளைத் தாங்கவும் கையாளவும் அது பழக்குகிறது. 2018இல் வெளியான பல மையங்களின் ஆய்வில் அது தற்கொலை முயற்சிகளைக் குறைத்தது. அதில் பங்கேற்றவர்களில் கால் பங்குக்கும் சற்று அதிகமானோர் லத்தீன வம்சாவளியினர். அதன் வளரிளம் பருவ வடிவம் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், பெரும்பாலும் லத்தீன, கறுப்பினக் குடும்பங்களோடு பணியாற்றியபோதுதான் உருவானது. பெற்றோரும் பிள்ளையும் இரண்டு உச்சங்களுக்கு நடுவே வழி காணும் பயிற்சி அங்கிருந்துதான் அதில் சேர்ந்தது. பண்பாட்டை மையமாகக் கொண்ட முறைகளுக்கான ஆய்வுகள் இன்னும் சிறியவை, நம்பிக்கை தருபவை. ஆகவே என் கருத்து இதுதான்: இரண்டும் தெரிந்தவர் கிடைத்தால் தயங்காதீர்கள். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், மொழி தெரிந்தும் தற்கொலையைப் பற்றிக் கேட்கவே தயங்கும் ஆலோசகரைவிட, இந்த ஆபத்தைக் கையாளப் பயிற்சி பெற்று, மொழிபெயர்ப்பாளரோடு தாயையும் சேர்த்துக்கொள்ளும் ஆலோசகரைத் தேர்ந்தெடுங்கள்.

தொலைபேசியில் கேட்க வேண்டிய கேள்விகள்

துண்டறிக்கையில் உள்ள மையத்தை அழைக்கும்போது இவற்றைக் கேளுங்கள்.

• தற்கொலை எண்ணமுள்ள இளையோருக்கு நீங்கள் பயன்படுத்தும் சிகிச்சை முறை எது? பாதுகாப்புத் திட்டம் முதல் சந்திப்பிலேயே எழுதப்படுமா?

• தாயோடு ஸ்பானிய மொழியில் யார் பேசுவார்? மகளும் தாயும் சேர்ந்த அமர்வுகள் உண்டா?

• இரண்டு அமர்வுகளுக்கு இடையே நெருக்கடி வந்தால் யாரை அழைப்பது?

• முதல் சந்திப்பு எத்தனை நாளில் கிடைக்கும்? காத்திருக்க வேண்டுமானால் அதுவரை யார் பார்ப்பார்?

இரண்டாவது கேள்வியில் கவனமாக இருங்கள். எந்த நிலையிலும் மகளையே மொழிபெயர்ப்பாளராக உட்காரவைக்க விடாதீர்கள். மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவ நிலையங்கள் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றித் தர வேண்டும். அவசரநிலை தவிர, சிறுவர்களை அந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. தன் வேதனையைப் பற்றி மருத்துவர் சொல்வதைத் தானே தாய்க்கு மொழிபெயர்க்க நேர்ந்தால், அவள் அதைக் குறைத்துத்தான் சொல்வாள். கூடவே, பாட்டியின் மருத்துவச் சந்திப்புகளிலும் அந்தச் சுமையை அவளிடமிருந்து இப்போதே இறக்கிவையுங்கள்.

சட்டமும் அச்சமும்

வளர்ப்புத் தந்தை என்பதால் மட்டும் டெக்சாஸில் சிகிச்சைக்கு ஒப்புதல் கையெழுத்திடும் அதிகாரம் உங்களுக்கு வந்துவிடாது. மனைவி கையெழுத்திட வேண்டும். அவர் பணியில் இருக்கும் நேரங்களுக்காக, உங்களுக்கு எழுத்து மூலம் அதிகாரம் தந்து வைத்துக்கொள்ளலாம். மணவிலக்குத் தீர்ப்பில் மனநலச் சிகிச்சைக்கு ஒப்புதல் தரும் உரிமை யாருக்கு என்று எழுதியிருக்கும். அதன் பிரதியை எடுத்து வையுங்கள், மையத்தில் கேட்பார்கள். ஒரு விதிவிலக்கும் உண்டு. தற்கொலைத் தடுப்புக்கான ஆலோசனைக்கு, டெக்சாஸ் குடும்பச் சட்டத்தின் 32.004ஆம் பிரிவின்படி உங்கள் மகள் தானே ஒப்புதல் தரலாம். ஆயினும் தேவை என்று கருதினால் ஆலோசகர் பெற்றோரிடம் சொல்லலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

அவசரப் பிரிவு உள்ள ஏறக்குறைய எல்லா மருத்துவமனைகளும், பணமோ ஆவணமோ இல்லாவிட்டாலும் வந்தவரைப் பரிசோதித்து உயிர் ஆபத்தை நீக்கும் சிகிச்சை தர வேண்டும் என்பது 1986 முதல் மத்திய சட்டம். 2024 நவம்பர் முதல் டெக்சாஸ் மருத்துவமனைகள் நோயாளியிடம் குடியுரிமை நிலையைக் கேட்கின்றன. அதைத்தான் நீங்கள் கேள்விப்பட்டிருக்க வேண்டும். கேட்பது நோயாளியைப் பற்றி மட்டும். பதில் சொல்லாவிட்டாலும் சிகிச்சை தடைபடாது. மாநில அரசுக்குப் போவது பெயரில்லாத மொத்தக் கணக்கு. இங்கே நோயாளி அமெரிக்கக் குடிமகளான உங்கள் மகள். பாட்டியைப் பற்றி யாரும் கேட்கத் தேவையில்லை, நீங்களும் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் அச்சம் இருந்தால், மருத்துவமனைக்கு நீங்களும் மனைவியும் மட்டும் போங்கள். பாட்டியின் நிலையைப் பற்றித் தனியே ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். இந்த அச்சத்தால் மகளின் சிகிச்சை ஒரு நாளும் தள்ளிப்போகக் கூடாது.

சென்னை நண்பரிடமிருந்து மாத்திரை வேண்டாம். நோயாளி டெக்சாஸில் இருந்தால் சிகிச்சை தருபவருக்கு டெக்சாஸில் உரிமம் வேண்டும். அதைவிட முக்கியமாக, மனச்சோர்வுக்கான மருந்துகள் சில இளையோரிடம் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணத்தைக் கூட்டலாம் என்ற கறுப்புக் கட்ட எச்சரிக்கையை (மருந்துத் தகவலில் கட்டம் கட்டிப் போடும் மிகக் கடுமையான எச்சரிக்கை) அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004இலிருந்து வைத்திருக்கிறது. இந்த மருந்துகள் பல பிள்ளைகளுக்கு நன்மை செய்கின்றன, தேவைப்பட்டால் பயப்படாமல் கொடுக்கலாம். ஆனால் அவளை நேரில் பரிசோதித்து, வாராவாரம் கண்காணிக்கும் மருத்துவரின் கையிலிருந்து வர வேண்டும்.

இனி வரும் வாரங்களில்

சிகிச்சை தொடங்கியதும் அவள் முகம் தெளியலாம். அதை வைத்து அமர்வுகளை நிறுத்திவிடாதீர்கள். அவசரப் பிரிவுக்கோ மருத்துவமனையில் சேர்ப்பதற்கோ நேர்ந்தால், வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் அதிகக் கவனம் தேவைப்படும் காலம்; ஏழு நாட்களுக்குள் அடுத்த சந்திப்பை உறுதிசெய்துகொண்டுதான் மருத்துவமனையை விட்டுக் கிளம்ப வேண்டும். பள்ளி ஆலோசகரிடம் மனைவியின் சம்மதத்தோடு தேவையானதை மட்டும் சொல்லுங்கள். பள்ளியிலும் அவள் போய் உட்கார ஓர் இடம் இருக்கும்.

காரில் அழைத்துவரும் வேலையை நீங்களே தொடருங்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது, “அந்த எண்ணம் இந்த வாரம் வந்ததா?” என்று கேளுங்கள். வந்தது என்றால் பதறாமல் பாதுகாப்புத் திட்டத்தை எடுத்து இருவரும் சேர்ந்து பாருங்கள். மனைவியின் பணி அட்டவணையைப் பார்த்து, தாயும் மகளும் மட்டும் சண்டை விஷயம் பேசாமல் இருக்கும் ஒரு வேளையை வாரந்தோறும் ஒதுக்கிக் கொடுங்கள். அந்த வேளையில் நீங்களும் மாமியாரும் வீட்டில் இல்லாமல் இருப்பது நல்லது.

மையம் முதல் சந்திப்புக்கு இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருக்கச் சொன்னால் உடனே எனக்கு எழுதுங்கள். அதற்காகக் காத்திருக்காமல் மகளின் குழந்தைநல மருத்துவரையும் இந்த வாரமே பாருங்கள். தற்கொலை ஆபத்தை அளக்கவும் அவசரமாக அனுப்பிவைக்கவும் அவரால் முடியும்.